கன்னியம்மாள் கட்டிலை விட்டு இறங்கியது

தொண்ணூறுகளில் பூந்தமல்லியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். வீட்டு விசிட்டுக்கு ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கும் போவேன். அங்கே கன்னியம்மாள் என்று ஒருவர், அறுபதைத் தாண்டியவர். இடுப்பு எலும்பு முறிந்து பிளேட் வைத்திருந்தார்கள். எலும்பு பலப்பட டாக்டர் ஹார்மோன் மாத்திரையும் எழுதியிருந்தார். என் எக்சர்சைஸில் வாக்கர் பிடித்து வாசல்வரை வரத் தொடங்கியிருந்தார்.

"நானே எழுந்து பாத்ரூம் போனா போதும்மா. மருமவ கையில எல்லாத்தையும் வுட வேணாம்" என்பார்.

அடுத்த முறை போனபோது கட்டில் காலி. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில், சிமெண்ட் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். தட்டும் டம்ளரும் தனியாக. தரையில் உட்காரவே கூடாது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டவள் நான்.

"யாரும்மா உங்களைக் கீழ இறக்கினது?"

"நானேதான். இந்த வயசுல மறுபடி தூரமாயிட்டேன். ஊட்ல சாமி படம் கீது, கட்டிலத் தொடலாமா? அது நிக்கட்டும், தலைக்கு ஊத்திகினு வரேன்."

அந்த ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் சிலருக்கு இப்படி விட்டு விட்டு உதிரம் படும். மகன் தனசேகரைக் கேட்டேன்.

"டாக்டர் சொன்னாருங்க, அப்டி வந்தா பயப்படாம வந்து காட்டுங்கன்னு. பெத்த அம்மாகிட்ட அத எப்டிங்க பேசறது?"

"உங்க வாய்ஃப்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கட்டிலில் ஏற்றத் தூக்கினோம். அலறிவிட்டார். காலையில் எழப் பார்த்து விழுந்திருக்கிறார். தீட்டு என்று மருமகளைத் தொடவிடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. எக்ஸ்ரேயில் ஸ்குரூ பெயர்ந்திருந்தது. இன்னொரு ஆபரேஷனை இதயம் தாங்காது என்றுவிட்டார்கள். அவர் அப்புறம் எழவேயில்லை.

அந்த உதிரம் மாத்திரையால் வந்தது என்று ஆஸ்பத்திரியில் நான்தான் அவரிடம் சொன்னேன்.

"இத்த முன்னாடியே ஒருத்தர் சொல்லக்கூடாதா? கட்டில்லயே கெடந்திருப்பேனே..."

பிசியோ படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மருந்து யாருக்கோ, பேச்சும் அவரிடம்தான். மகனுக்குக் கூச்சமாக இருந்தால் வெளியே நிற்கட்டும். இதைச் சொல்வதால் என் மனம் ஆறிவிடவில்லை.