மூச்சு விழுந்த தாள்

யோகலிங்கத்தார் மூச்சை அடக்குவதில் கெட்டிக்காரர். யோகாசனம் எதுவும் பழகியவரல்ல, உத்தியோகம் அப்படி. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு கனிய ஆய்வுகூடத்தில் அவருக்குக் கரி படிக்கிற வேலை. சிரட்டைக்கரியோ, வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன நிலக்கரியோ, எது வந்தாலும் சின்னக் கல்லுரலில் மாவாய் அரைப்பார். உப்புத்தூளோடு கலந்து, அழுத்தி, சதக் காசளவு வில்லையாக்கி மெசினுக்குள் வைப்பார். கண்ணுக்குத் தெரியாத செவ்வொளி அந்த வில்லைக்குள்ளால் போகும். கரி எந்த ஒளியை விழுங்குகிறதோ, அந்த இடத்தில் பேனை தாளில் ஒரு பள்ளம் கீறும். பள்ளங்களைப் பார்த்தே உள்ளே எது எதோடு கட்டுண்டு கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆயிரத்து அறுநூறு என்ற இலக்கத்தில் விழுந்தால் கரியின் வளையங்கள். ஆயிரத்து எழுநூற்றில் என்றால் காற்றுத் தின்ற கரி. ஆயிரத்தை ஒட்டி அகலமாக விழுந்தால் எலும்பு.

இரண்டாயிரத்து முந்நூற்றைம்பதில் விழுந்தால் அது மூச்சு. மூடியைத் திறந்து வில்லை வைக்கிற நேரத்தில் விடுகிற மூச்சு உள்ளே போனால், பேனை அதையும் விட்டுவைக்காது. புதிதாக வேலைக்கு வந்தவர்களின் தாளில் எல்லாம் அந்தப் பள்ளம் இருக்கும். "கரிக்கு மூச்சு வருது, தண்ணி குடுங்கோ" என்று யோகலிங்கத்தார் நக்கலடிப்பார். அவருடைய தாளில் அது ஒருநாளும் விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் கூடத்தான்.

1972இல் துறைமுகத்தடியில் ஒரு பழைய நிலக்கரிக் கிட்டங்கி பட்டப்பகலில் பற்றியது. மூன்று நாளாக அணையவில்லை. அங்கே மூட்டை தூக்கிய கிண்ணியாச் சரீபை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. அடக்க மையத்தும் கிடைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் சரீபின் பெண்சாதி உம்மு குல்சும் வந்தாள். கையில் வெள்ளைத் துணிப் பொட்டலம். எரிந்த இடத்தைக் கையால் கிளறி எடுத்தாளாம், உள்ளங்கையளவு கறுப்புக் கட்டி.

"இது அவரா, கரியா எண்டு பார்த்துச் சொல்லுங்க ஐயா."

"ஏன் தங்கச்சி, இவ்வளவு நாளுக்குப் பிறகு?"

"அவர் மவுத்தாப் போனார் எண்டு தெரிஞ்சா நாலு மாசம் பத்து நாள் வெளியில போகாம இத்தா இருப்பன். அதுக்குப் பிறகு தோப்பூர் முனாப் என்னைக் கட்ட வாறார். கலியாணத்துக்குக் காதியார் மவுத்துக்குச் சாட்சி கேக்கிறார். கூடப்பிறந்த காக்காட ஊட்டுக் குசினிக்குள்ள இன்னும் எத்தினை வருசம் நான் ஆருமில்லாம கிடக்கிற?"

யோகலிங்கத்தார் அவளை விறாந்தைக் கதிரையில் இருத்திவிட்டு உள்ளே போனார். ஒரு துண்டை உடைத்து உரலில் போட்டார். ஆளாக இருந்தால் ஒரு மனிசனையல்லவா அரைக்கிறோம் என்று பட்டது. மனதுக்குள் தேவாரம் சொல்லிக்கொண்டு அரைத்தார். மூச்சை அடக்கினார், வில்லையை வைத்தார், மூடியை மூடினார்.

பேனை ஊர்ந்தது. முதலில் வந்த பள்ளங்களை அவர் கவனிக்கவில்லை. எலும்பின் இடத்துக்காகக் காத்திருந்தார். ஆயிரத்து எழுநூற்றில் ஆழமாக விழுந்தது. மாதக்கணக்காகக் காற்றுத் தின்று, உள்ளுக்குள்ளே சூடேறித் தானாகவே பற்றிய கரி. எலும்பின் இடத்தில் கோடு வழுவழுவென்று போனது. அது வெறும் நிலக்கரிதான்.

தாளைக் கிழித்து எடுத்தபோதுதான் கண்டார். இரண்டாயிரத்து முந்நூற்றைம்பதில் மூச்சு.

அவர் மூச்சு விடவில்லை. சத்தியமாக விடவில்லை. யன்னலைத் திறந்து காற்றாட விட்டு, இன்னொரு வில்லை அழுத்தி, கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு வைத்தார். மறுபடியும் அதே இடத்தில், அதே ஆழத்தில் விழுந்தது. விறாந்தையை எட்டிப் பார்த்தார். குல்சும் பன்னிரண்டு அடி தள்ளி, முக்காட்டை இழுத்துவிட்டபடி அசையாமல் இருந்தாள். அறைக்குள் வேறு ஒருவரும் இல்லை.

வெளியே வந்தார். அவள் எழும்பி நின்று அவருடைய வாயையே பார்த்தாள். கரி என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இந்தப் பெண்ணைத் திரும்பவும் அந்தக் குசினிக்குள் தள்ளவா? சரீப் செத்திருப்பான்தானே, எது எரிந்தால் என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னார். ஆய்வுகூடப் பெரியவர் லீவில் கொழும்புக்குப் போயிருந்தார், அவருடைய முத்திரை மேசை லாச்சிக்குள் இருந்தது. மனித எலும்பு என்று எழுதிக் குத்திக் கொடுத்தார். கிண்ணியாவில் அந்தக் கட்டிக்குக் கபன் துணி சுற்றி, தொழுது, கபுறு வெட்டி அடக்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டார்.

தாளை மட்டும் அவர் எறியவில்லை. அலுமாரியின் அடித்தட்டில் மடித்து வைத்தார். ஐந்து வருடமாக அந்த அலுமாரிக்கு முதுகைக் காட்டி இருக்க அவருக்குப் பயம்.

1979இல் ஒரு மழைக்கால மத்தியானம். வாசலில் நனைந்த சாரத்தோடு ஒரு ஆள் வந்து நின்றான்.

"ஒங்கட எழுத்துலதான் என்னை அடக்கினதாம். நான் சரீப்."

யோகலிங்கத்தார் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிப் பின்வாங்கினார். ஆள் வெளியே போகும் வழியை மறித்துக்கொண்டு நின்றான். கடைசியில், இத்தனை வருடம் கை செய்து பழகிய வேலையைக் கை தானே செய்தது. மெசினைப் போட்டு மூடியைத் திறந்தார்.

"கிட்ட வந்து இதுக்குள்ள ஊதுங்கோ."

சரீப் குனிந்து ஊதினான். பேனை ஊர்ந்தது. வாழ்நாள் முழுக்க எந்த இடத்தில் ஒன்றும் விழக்கூடாது என்று காத்தாரோ, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விழாமல் போகட்டும், பேயாகவே இருக்கட்டும், தன் எழுத்து மெய்யாகட்டும் என்று பிள்ளையாரை மன்றாடினார்.

விழுந்தது. அலுமாரியைத் திறந்து பழைய தாளை எடுத்து மேலே வைத்துப் பார்த்தார். இரண்டு பள்ளமும் ஆழம்கூடப் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின.

"என்ட பீடி நெருப்பாலதான் பத்தினது எண்டு நினைச்சன் ஐயா. மறியலுக்குப் பயந்து மன்னாருக்கு ஓடிட்டன். என்னை அடக்கின கதை அங்கதான் காதில விழுந்திச்சு" என்றான் சரீப்.

"அது தானாப் பத்தின கரி. உங்கட பிழையில்ல."

சரீப் நனைந்த சாரத்து நுனியைப் பிழிந்தான். "குல்சும்?"

"தோப்பூரில. ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு."

"அப்ப என்ட கபுறுக்குள்ள கிடக்கிறது?"

"நிலக்கரி. பொய் எழுதினது நான். மாத்தி எழுதித் தாறன், காதியாரிட்டக் கொண்டுபோங்கோ." யோகலிங்கத்தார் அழுதுகொண்டே முத்திரையைத் தேடினார். அவருடைய வேலை, பென்சன், மானம் எல்லாம் அதோடு போகும். அது அப்போது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சரீப் லாச்சியைக் கையால் தள்ளி மூடினான்.

"வேணாம் ஐயா. எழுதினா அந்தப் புள்ளை என்ன புள்ளையாகும்? கபுறு அப்பிடியே கிடக்கட்டும்."

புதிதாக விழுந்த தாளைக் கேட்டு வாங்கி, நனையாமல் மடித்துச் சாரத்து மடியில் செருகிக்கொண்டான். வெளிக் கேட்டடியில் ஒருதரம் நின்று தோப்பூர்ப் பக்கம் பார்த்தான். பிறகு எதிர்த்திசையில் புல்மோட்டைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினான்.

யோகலிங்கத்தார் யன்னலடியில் நின்று அந்த பஸ் மறையும்வரை பார்த்தார். அதுவரைக்கும் தான் மூச்சு விடவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.