பச்சீஸ் என்று கேட்டவர்

"பைய... பையப் போ ளா..." என்று கத்திக்கொண்டே சிவகுமார் ஓடுகிறார். மேலே அலுவலகச் சட்டை, கீழே லுங்கி. கிட்வாய் நகர் குடியிருப்பின் கேட் வரைக்கும், மகள் கனிமொழி ஓட்டிப்போகும் மின்சார வண்டியின் பின்கம்பியை விடுவதில்லை. பப்பாளி விற்பவர் திரும்பிப் பார்க்கிறார். காவலாளி திரும்பிப் பார்க்கிறார். பால் பாக்கெட் போடுகிறவர் நடுவழியில் நின்றேவிடுகிறார். டெல்லியில் 'பையா' என்றால் அண்ணன். தங்களில் எந்த அண்ணனை இவர் கூப்பிடுகிறார் என்று அவர்களுக்குக் குழப்பம். சிவகுமாரின் அம்பாசமுத்திரத்தில் 'பைய' என்றால் மெதுவாக. திரும்ப வேண்டிய கனிமொழி மட்டும் திரும்புவதில்லை.

அவர் மத்திய அரசில் உதவிப் பிரிவு அலுவலர். கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்புவது வேலை; முடிவெடுப்பது வேறு யாரோ. அதனாலோ என்னவோ, காண்டீனில் வடைக்கு இரண்டாம் தடவை சட்னி கேட்பதற்கு முன்னால்கூட "ரூல் என்ன சொல்லுது?" என்பார். ஒரு வாகனமும் வராத சாலையில், நடந்து போகும்போது, சிவப்பு விளக்குக்குச் சட்டென்று நின்றதில், பின்னால் வந்தவர் இவர் முதுகில் முட்டிக்கொண்ட கதையை அலுவலகத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரை இந்த வண்டி கலங்கடித்துவிட்டது. அதை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. கனிமொழி நல்ல மார்க் வாங்கி வந்தால் அது சைக்கிள். மழை பெய்தால் வண்டி. மனைவி வள்ளியம்மையிடம் பேசும்போது வெறும் 'அது'. "அதுக்குச் சார்ஜ் போட்டாச்சா?" நம்பர் பிளேட் கிடையாது, ஆனால் ஹாரன் உண்டு. ஹெல்மெட் கட்டாயமில்லை என்று சிலர் சொன்னார்கள். அவர் வாங்கிவந்து, வார் 'டக்'கென்று மாட்டும் சத்தத்தைக் கேட்ட பிறகே மகளை வீட்டுப் படியிறங்க விடுவார்.

கேட்காத ஆள் பாக்கியில்லை. "பச்சோங் கா கேல் ஹை, சார்" என்றார் காவலாளி, குழந்தை விளையாட்டாம். பதினாறு ஆகிவிட்டால் போதும் என்றார் மாடிவீட்டுக்காரர். கனிமொழிக்குப் பதினைந்துதான். செல்போனில் ஒருவர் தோன்றி, பெற்றோர் ஜெயிலுக்குப் போக நேரிடும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அலுவலக டிரைவரோ, போலீஸ் நிறுத்தினால் "சைக்கிள்னு சொல்லுங்க, சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க" என்று வழி சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவில்லை.

கடைசியில் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ஒரே எண்ணைத்தான்: இருபத்தைந்து. சின்ன மோட்டாரோடு, மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே இல்லை. லைசன்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். அதைத் தாண்டிவிட்டால் எல்லாமே வேண்டும். கனிமொழியின் வயதுக்கு லைசன்ஸ் கிடைக்காது.

ஜண்டேவாலான் கடையில் அதை மட்டுமே கேட்டார். "கித்னா ஸ்பீட், பையா?" அவருடைய இந்தி ஒரு தினுசு. அலுவலகச் சுற்றறிக்கையைக் கடகடவென்று வாசிப்பார்; எண்கள் மட்டும் ஓட்டை. இருபத்தைந்தும் ஐம்பதும் ஐம்பத்தைந்தும் அவர் காதில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போலத்தான் விழும். கடைக்காரர் ஏதோ சொன்னார். "பச்சீஸ். டீக் ஹை" என்றார் இவர், இருபத்தைந்துதான், சரி என்ற நிம்மதியில். கடைக்காரரும் "டீக் ஹை" என்றார். பக்கத்தில் நின்ற கனிமொழி ஹாரனை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது பாலசுப்ரமணியம் எதிரே வந்து உட்கார்ந்தார். பக்கத்துப் பிரிவுக்காரர், ஈரோடு.

"ஏனுங்க சிவகுமாரு, புள்ளைக்கு எலெக்ட்ரிக் வண்டி வாங்கிக் குடுத்துட்டீங்களாட்ட இருக்குது."

"சைக்கிள், சார்."

"சைக்கிளுங்களா? காலைல தீன்மூர்த்திகிட்ட என்ற காருக்குச் சோடியா வந்துச்சுங்க. கண்ணாடிய எறக்கிக் கைய ஆட்டுனேன். பாக்கவே இல்ல, தாண்டிப் போயிருச்சு."

"நீங்க பையப் போயிருப்பிய."

"நாப்பத்தஞ்சுங்க."

"நம்ம சைக்கிள் இருபத்தஞ்சுக்கு மேல போவாது, சார்."

"அப்பச் சரி. என்ற காருதான் பொய் சொல்லுதாட்ட இருக்குது" என்று பாலசுப்ரமணியம் தயிர்சாதத்தைப் பிசைந்தார்.

சிவகுமார் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினார். அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு மந்திர் மார்க் போய், தமிழ்ப் பள்ளி வாசலில் நின்றார். பள்ளி விட்டது. கனிமொழி தோழிகளோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அன்னைக்குக் கடைக்காரன் என்ன ஸ்பீடு சொன்னான்?"

அவள் தோழிகளைப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

"பச்சாஸ்."

"பச்சீஸ்லா?"

"பச்சாஸ், அப்பா. ஃபிஃப்டி. நீங்கதான் பச்சீஸ், டீக் ஹைன்னு சொன்னீங்க. அங்கிளும் டீக் ஹைன்னுட்டார்."

"நீ பக்கத்துலதான நின்னே?"

"நின்னேன்."

"சொல்லாண்டாமா?"

"சொன்னா வாங்கியிருக்க மாட்டீங்களே."

அவள் சொன்னது உண்மை. சாவிக்குக் கையை நீட்டினார். வாங்கிய பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. ஐம்பது என்று தெரிந்துவிட்டது. இனி அவள் ஏறக் கூடாது. அவருக்கும் லைசன்ஸ் கிடையாது. அவரும் ஏறக் கூடாது. ஒரு டெம்போவை நிறுத்தினார். டிரைவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சல்தீ ஹை தோ சலாவோ நா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். ஓடுகிற வண்டியை ஓட்டிப்போக என்ன கேடு?

தள்ளிக்கொண்டு நடந்தார்கள். வழியில் ஒரு இ‑ரிக்‌ஷாக்காரர் வேகத்தைக் குறைத்து, "பேட்டரி கதம்?" தீர்ந்துவிட்டதா என்று இரக்கத்தோடு விசாரித்தார். "ஃபுல் ஹை" என்றாள் கனிமொழி, தரையைப் பார்த்தபடி.

அப்போதுதான் அவர் இடது கைப்பிடியைப் பார்த்தார். நுனி ரப்பர் கிழிந்திருந்தது. பிரேக் கம்பியின் முனை தரையில் உரசி வெள்ளையாகத் தெரிந்தது.

"இது எப்ப?"

"லாஸ்ட் வீக். நின்னுட்டிருந்த கார்ல திடீர்னு டோர் திறந்தாங்க."

"விழுந்தியா?"

"கொஞ்சம்."

கொஞ்சம் விழுவது என்றால் எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. அவள் சட்டைக் கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு எப்படிப் போறது?" என்றாள்.

"பஸ்ஸு."

"அப்புறம்? இத என்ன பண்ணுவீங்க?"

"தெரியல, ளா."

தீன்மூர்த்தி ரவுண்டானா வந்தது. கார்கள் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. நடைபாதையில் வண்டியை ஏற்றலாமா, வண்டிகளின் பாதையில் நடக்கலாமா? சிவகுமார் ஓரமாக நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாலையில் இறங்கி, வலதுகையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, தோளுக்கு நேராக நீட்டினார்.

"அப்பா, நாம நடக்கறோம். நடக்கறவங்க யாராவது கை காட்டுவாங்களா?"

"பின்னால வாறவனுக்குத் தெரியாண்டாமா?"

பின்னால் வந்த நீளமான கறுப்புக் கார் ஹாரன் அடித்தது. பிறகு, என்ன நினைத்ததோ, நின்றது. ஒற்றைக் கையில் நிற்காமல் வண்டி இடதுபுறம் சாய்ந்தது. கனிமொழி ஓடிவந்து தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.