முரட்டக்காவும் மேய்ச்சல் நிலத்துப் பார்த்தீனியமும்

எங்கள் சின்னத் தாத்தா வழியில் எனக்கு அக்கா முறை அவள். முரட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மாடு வைத்து, பால் ஊற்றிப் பிழைத்தவள். அவள் பங்குக்கு வந்த மேய்ச்சல் நிலமும் அவள் அண்ணன் நிலமும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் கம்பி வேலி ஒன்றுதான்.

ஒரு வறட்சி வருஷம் வெளியிலிருந்து வாங்கிய வைக்கோலோடு பார்த்தீனியம் விதையும் வந்து இறங்கிவிட்டது. அடுத்த மழைக்கு நிலமெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. அக்கா அரிவாளை எடுத்து அறுத்துத் தள்ளினாள். எந்தக் களையை அறுத்தாலும் அங்கேயே பரப்பி உரமாக்குவது அவள் வழக்கம். இதையும் பரப்பி, புல் விதையைத் தூவினாள். அங்கேதான் சறுக்கியது. பரப்பின இடத்தில் ஒரு புல்கூடத் தலை தூக்கவில்லை.

அண்ணன் வேலியோரம் வந்து நின்றார். “மண்ணு செத்துப்போச்சு. செங்கல் சூளைக்காரர் ரெண்டு நிலத்தையும் சேர்த்துக் குடுத்தாத்தான் எடுப்பாராம். மாட்டை வித்துட்டுக் கையெழுத்தைப் போடு.”

“வித்துட்டு உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கவா? என்னைக் கண்டாலே அண்ணிக்குத் தலைவலி.”

அந்த வாரம் ஒரு மாட்டுக்கு மடியெல்லாம் அரிப்பு. பார்க்க வந்த மாட்டு டாக்டர் நிலத்தையும் பார்த்தார்.

“மடி அரிப்பும் இந்தப் பார்த்தீனியம் பட்டுத்தான். மண்ணு நல்லாத்தான் இருக்குங்க. இந்தச் செடி வேர்லயும் இலையிலயும் ஒரு ரசாயனத்தைக் கசிய விடும். பக்கத்துல புல்லு விதை முளைக்காது. அறுத்துப் போட்டாலும் மழைத்தண்ணி அதைக் கரைச்சு மண்ணுல இறக்கிடும்.”

“செத்தும் அடங்காதா? எங்க பெரியப்பா மாதிரி,” என்றாள் அக்கா. பெரியப்பா எழுதிவைத்த உயிலால் எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பரப்பினதையெல்லாம் வாரி வெளியே கொட்டினாள். கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, புதிதாக முளைத்ததைப் பூக்கும் முன்னே வேரோடு பிடுங்கினாள். மாடுகளைச் சாலையோரம் மேய்த்தாள்.

நிலம் மொட்டையாகக் கிடக்கும்போதே அண்ணன் சூளைக்காரரை டேப்போடு கூட்டி வந்துவிட்டார். அக்கா நட்ட நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அளக்கிறதா இருந்தா என்னையும் சேர்த்து அளங்க. நான் எந்திரிக்கிறதா இல்ல.”

“புல்லே இல்லாத நிலத்தை வச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?”

“முளைக்கிற வரைக்கும் விதைப்பேன். முளைக்காட்டியும் உங்களுக்கு இல்ல.”

சூளைக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மழை பெய்து மண்ணைக் கழுவியது. அக்கா மறுபடி விதைத்தாள். முதல் தடவை அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. அடுத்த தடவை அடர்ந்து வந்து, மாடுகள் திரும்பி வந்தன. ஆனால் அண்ணன் பக்கம் பார்த்தீனியம் இடுப்பளவு நின்றது. ஒருநாள் அக்கா வேலியைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டாள்.

“யாரைக் கேட்டு என் நிலத்துல கால் வச்சே?” என்று அண்ணன் ஓடி வந்தார்.

“நிலம் உன்னோடதுதான். விதை என் பக்கம் பறந்து வருதே. போலீசுக்குப் போறதுன்னா போ. அவங்க வர்றதுக்குள்ள இந்த மூலையை முடிச்சிடுறேன்,” என்று சொல்லி, அடுத்த செடியைப் பிடித்து இழுத்தாள்.