பசுமை முதலாளியின் பரோட்டாக் கடை

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் அருள்பாண்டி சென்னைக்குக் கிளம்பினார். சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே வந்துகொண்டிருந்த நாள் அது. எதிர்த்திசையில் போகிற ரயில் காலியாகக் கிடக்கும், காலை நீட்டிப் படுத்தே போய்விடலாம் என்று யோசித்து வைத்திருந்தார். மதுரை பழங்காநத்தத்தில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறவனுக்கு வருஷத்தின் பெரிய வியாபாரமே அன்றைக்குத்தான் என்பது மட்டும் அந்த யோசனையில் வரவில்லை.

இதற்கு முன் காடை வளர்த்தார், காளான் வளர்த்தார். காடை செத்தது. காளான் வளரவேயில்லை. பிறகு யாரோ ஓட்டல் ஹாலில் குப்பையைக் காசாக்குவது பற்றிக் கூட்டம் போட்டார்கள். துணிப்பை ஒன்றும் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரும் கொடுத்து அனுப்பினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அவர் பசுமை முதலாளி ஆகிவிட்டார். முதல் வேலையாகக் கடை ஆட்களுக்குப் பச்சைப் பனியன் அடித்தார். முதுகில் ‘பசுமை உணவகம், இயற்கையைக் காப்போம்’. அத்தோடு இயற்கைக்கு அவர் செய்தது முடிந்தது. இனி சென்னையில் அதற்கான பயிற்சி.

“மூணு மாசம்தான் கனகு. வந்து இந்தக் குப்பையெல்லாம் காசாக்கிருவேன்.”

“போறதுக்கு முன்னாடி அந்த எச்சில் தொட்டியை வெளிய தூக்கி வச்சுட்டுப் போங்க மாமா,” என்றாள் மனைவி கனகலட்சுமி.

சட்டை அழுக்காகிவிடும் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

மூன்று மாதம் ஆறானது. பயிற்சி முடித்தவர் பயிற்சி கொடுக்கிறவர் ஆகிவிட்டதாகக் கேள்வி. பணம் அனுப்பவில்லை, கேட்கவும் இல்லை. அந்த அளவில் கனகலட்சுமிக்கு அவர் மேல் மரியாதை கூட இருந்தது. கடையை மாஸ்டர் முத்துப்பாண்டியும் அவளுமாக ஓட்டினார்கள்.

இந்த நேரத்தில் பிரித்துக் கொடுக்காத குப்பையை எடுக்க மாட்டோம் என்றார்கள் குப்பை வண்டிக்காரர்கள். வாழை இலை, எலும்பு, சால்னா கட்டுகிற பிளாஸ்டிக் கவர் எல்லாம் ஒரே தொட்டியில் ஊறிக் கிடந்தன. அதில் கைவிட்டுப் பிரிக்க யாருக்கு ஆகும்? அவளும் ஒன்றும் உத்தமி இல்லை. விடிகாலையில் வாய்க்காலில் கொட்டிவிட்டு வரச்சொல்லி மாஸ்டரை அனுப்பினாள்.

மத்தியானத்துக்குள் வீடியோ ஏரியா வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது. எடுத்தவன் மாஸ்டரின் முகத்தை எடுக்கவில்லை, முதுகைத்தான் எடுத்திருந்தான். மூட்டை வாய்க்காலில் விழுகிறது. மேலே பச்சைப் பனியன் இயற்கையைக் காப்போம் என்கிறது.

“வேற சட்டையே இல்லையாடா உனக்கு?”

“துவைச்சுப் போட்டிருந்தேன்க்கா. இது ஒண்ணுதான் காஞ்சிருந்துச்சு.”

சுகாதார ஆய்வாளர் வந்தார். அபராதம் எழுதினார். இன்னொரு தடவை என்றால் பூட்டுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னாலேயே கட்டிடச் சொந்தக்காரர் விருமாண்டி வந்தார்.

“எனக்கு உன் வீட்டுக்காரனத்தான் தெரியும். அவனை வரச்சொல்லு. இல்லேன்னா மாசக்கடைசியில சாவியக் குடுத்துரும்மா.”

கடை போனால் அவளுக்கு வேறொன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் அருள்பாண்டிக்குப் போன் அடித்தாள். மேடையில் இருந்தாராம். சாயங்காலம் கூப்பிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல உதாரணம் கனகு. வகுப்புல சொல்ல ஆகும். அந்த வீடியோவை எனக்கு அனுப்பிவிடு.”

அவள் போனை வைத்துவிட்டு, எச்சில் தொட்டியைக் கவிழ்த்து, உட்கார்ந்து பிரித்தாள்.

அடுத்த தெருவில் மாடு வைத்திருக்கும் ஒச்சம்மாளிடம் இலையை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் போய் நின்றாள். “உன் கடை இலையத் தின்னுதான் என் சின்ன மாடு வயிறு வீங்கிக் கெடந்துச்சு. ஒரு கவர் இருந்தாலும் உன் வாசல்லயே கொட்டிட்டுப் போவேன்,” என்றாள் ஒச்சம்மாள். சொன்னபடி ஒரு நாள் கொட்டவும் செய்தாள். அன்றோடு கனகலட்சுமி கவரை நிறுத்தினாள். சால்னா வேண்டும் என்றால் பாத்திரம் கொண்டு வரவேண்டும். அதுவரை மறுநாளும் காய்ச்சிக்கொண்டிருந்த பழைய எண்ணெயை இப்போது டின்னில் ஊற்றி, டீசலுக்கு மாற்றாக எரிபொருள் செய்கிறவர்களுக்கு விற்றாள். அதில் புண்ணியம் எதுவும் இல்லை. ஆய்வாளர் அடுப்பையும் எட்டிப் பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

வாடிக்கைக்காரர்களின் லட்சணம் அப்போது தெரிந்தது. சுற்றுச்சூழல் கெட்டுவிட்டது என்று பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர்கள்தான் முதலில் எதிர்க் கடைக்குப் போனார்கள். விலை கூடின செருப்பு போட்டு வந்த ஒருவர், தூக்குவாளி தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கத் தனக்கு வெட்கமாக இருக்கிறது என்றார். “கவர்ல தொங்கவிட்டுக்கிட்டுப் போறப்ப வரலையாண்ணே?” என்று கேட்டாள். அவர் போய்விட்டார். கல்லாவில் ஈ ஓட்டிய நாட்கள் நிறைய. எதிர்க் கடையில் சால்னா தண்ணியாக இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் திரும்பி வந்தார்கள், தூக்குவாளியோடு. செருப்புக்காரரும் வந்தார், மகளிடம் வாளியைக் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நடந்து.

கடை வாசலில் ஈயும் நாற்றமும் இல்லை என்று பார்த்துவிட்டு, மாசக்கடைசியில் விருமாண்டி சாவி கேட்கவில்லை. வாடகை தவறாமல் போனது. அடுத்த வருஷம் ஒப்பந்தத்தையே அவள் பேரில் எழுதினார். அருள்பாண்டி வந்தால் என்ன சொல்வது என்று அவர் கேட்டதற்கு, பரோட்டா சாப்பிட வந்தால் காசு கொடுத்துச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றாள்.

அதற்கும் ஒன்றரை வருஷம் கழித்து, மாவு பிசைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் போனில் அருள்பாண்டியின் செய்தி வந்தது.

“கனகு, வர்ற வியாழக்கிழமை வெளியூர் ஆளுக இருபது பேரைக் கூட்டிட்டு வாரேன். நம்ம கடையைப் பத்தித்தான் எல்லா ஊர்லயும் பேசிக்கிட்டிருக்கேன். உன்கிட்டக் கேட்டா எல்லாம் என்னோட யோசனைன்னு சொல்லு. மத்தத நான் பேசிக்கிறேன். நல்ல சேலையாக் கட்டிக்க. ஓனர் அவருதான், நான் சும்மா பாத்துக்கிடுறேன்னு சொன்னாப் போதும்.”