இர்மாவின் சனிக்கிழமைகள்

இர்மா பெவிலாக்குவா வாரத்தில் ஐந்து நாள் பள்ளிச் சமையற்கூடத்தில் வெந்தாள். சனிக்கிழமை மட்டும் நடித்தாள். புவெனோஸ் ஐரெஸில், போயெதோ பக்கம், பழைய டயர் பட்டறை ஒன்றைக் கூட்டிப் பெருக்கி உண்டாக்கிய சின்ன அரங்கு அது. சம்பளம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் தொப்பி சுற்றி வரும். அதில் விழுவது பீட்சாவுக்கும் பீருக்கும் போகும். மார்ச்சில் தொடங்கினால் நவம்பர் வரை சனிக்கிழமைதோறும் ஒரே நாடகம். புருஷன் செத்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரி அவளை அங்கே இழுத்துப் போனாள். பிறகு யாராலும் அவளை அங்கிருந்து இழுக்க முடியவில்லை.

மகள் ரோமினா மருத்துவமனைகளில் ஸ்கேன் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள். அம்மாவின் ஸ்கேன் படத்தை டாக்டருக்கு முந்தியே அவள்தான் பார்த்தாள். நோயைப் படிக்க அவளுக்குத் தெரியாது. இயந்திரத்தின் கோளாறு படத்தில் எப்படி விழும் என்று தெரியும். குடலில் கிடந்த அந்த நிழல் இயந்திரத்தினுடையது அல்ல.

டிசம்பர் தொடக்கத்தில் அறுவைசிகிச்சை என்றார் டாக்டர். கட்டியை இப்போதே எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு, தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னார்.

“நல்லதாப் போச்சு, அதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும்,” என்றாள் இர்மா. குழுவில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த வருஷம் பார்த்து நாடகம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆட்கள் சுவரோரம் நின்று பார்த்தார்கள். அங்கே கோடை உச்சத்தில் வரும் கிறிஸ்துமஸ் வரை நீட்டலாமா என்று குழு கூடியது. எல்லாக் கையும் உயர்ந்தால்தான் நீட்டிப்பு. கை தூக்காத ஆளிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. ராணுவ ஆட்சி ஆட்களைப் பிடித்துப் போய்க் காணாமல் ஆக்கிய காலத்தில் உண்டான வழக்கம். தெரியாததை அடித்தாலும் சொல்ல முடியாதல்லவா?

ரோமினா வாசல் மேசையில் இருந்தாள். குழுவில் இல்லாதவர்கள் வாய் திறப்பதில்லை.

“டிசம்பர் வெயில்ல, இந்த ஒத்தை ஃபேனை வச்சுக்கிட்டா?” என்றான் டாக்ஸி ஓட்டும் பெத்தோ. “நாடகத்துல சாகிறவன் நெசமாவே செத்துருவான்யா!”

“உன் நடிப்பைப் பாத்தே பாதிப் பேரு செத்தாச்சு. கையைத் தூக்குடா,” என்றாள் இர்மா. அவள் கை அதற்கு முன்பே மேலே இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது ரோமினா பொறுக்க மாட்டாமல் கேட்டாள். “கையை மடியில வச்சிருந்தா போதுமேம்மா. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க.”

“காலி நாற்காலியைப் பாத்தே கத்திக் கத்தி வயசாயிருச்சு, ரோமி. இப்பத்தான் ஆளு வருது. டாக்டர்கிட்ட கொஞ்சம் தவணை கேளு.”

“நான் பாக்குற மெஷினை நிறுத்தி வச்சா நின்னபடி நிக்கும். இது நிக்காதும்மா.”

“தெரியும்டி. கொஞ்சம் மெதுவா நட.”

டிசம்பரில் எல்லாச் சனிக்கிழமையும் தன்னுடைய தடித்த பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடித்தாள். கடைசி ஆட்டங்களில் திரைக்குப் பின்னால் வாளி வைத்திருந்தாள். புழுக்கத்தால் வாந்தி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஜனவரியில் டாக்டர்கள் கோடை விடுமுறைக்குக் கடற்கரை போய்விட்டார்கள். பிப்ரவரியில்தான் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. வயிற்றைத் திறந்தார்கள், பார்த்தார்கள், அப்படியே தைத்துவிட்டார்கள். கோடை முடியுமுன் இர்மா போய்ச் சேர்ந்தாள்.

சவப்பெட்டியை வெளியே எடுத்தபோது குழுவே நின்று கைதட்டியது. நடிகர்களை அப்படித்தான் அனுப்புவார்கள். ரோமினா தட்டவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் இயக்குநர் ஓஸ்வால்தோ அவளிடம் வந்தார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ. நாங்க நிறுத்தியிருப்போமே.”

“நீங்க கேக்கலையே.”

“நாம கேக்கறதில்லையேம்மா. உனக்குத் தெரியாததா?”

அவர் போகாமல் நின்றார்.

“மார்ச்ல மறுபடியும் தொடங்குறோம். அவ வேஷத்துக்கு வேற ஒரு பொண்ணு வருது. அந்தப் பச்சைக் கோட்டு... அது உங்கம்மாவோட சொந்தக் கோட்டு. கேக்கவே கூச்சமா இருக்கு.”

“அதைப் போட்டுத்தான் பெட்டிக்குள்ள வச்சிருக்கேன்.”

“இந்த வெயில்லயா?”

“ஆமா.”

ஓஸ்வால்தோ தலையாட்டினார். “சரி. வர்ற பொண்ணு ஒல்லி. எப்படியும் அது அவளுக்குத் தொளதொளன்னுதான் இருந்திருக்கும்,” என்றார். அப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது.