அக்காவுக்குத் தெரியாத வேலை அல்ல

அக்கா போய் முப்பத்தொரு நாள் ஆகிறது என்கிறார்கள். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. காலையில் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தவரை மாலையில் வெள்ளைத் துணி போர்த்திக் காட்டினார்கள். காய்ச்சல், தலைவலி என்று ஒரு நாளும் படுத்தவரில்லை.

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். ஓ.எல். பரீட்சை முடித்த கையோடு கொழுந்து பறிக்கப் போய் என்னைப் படிக்க வைத்தார். நான் இன்று ஆசிரியை என்றால், அது அவர் புண்ணியம். அத்தானைக் கைப்பிடித்து மாத்தளை டவுன் ஓரத்துக்கு வந்தபோது என்னையும் கூடவே கூட்டி வந்தார். அத்தான் கூலிக்குப் புல் வெட்டுபவர். அவர் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்தப் புல் வெட்டும் மெஷினை அக்கா தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

முதல் நாளே அதைக் கெடுத்தார். இந்தச் சின்ன எஞ்சின்களுக்கு பெட்ரோலில் ஒயில் கலந்து ஊற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. வெறும் பெட்ரோலில் ஓட்டியதில் பிஸ்டன் சூடேறி இறுகிவிட்டது. அக்கா ஒரு பாட்டம் அழுதார். பிறகு பழைய பேப்பரை விரித்து, ஒவ்வோர் ஆணியாகக் கழற்றினார். கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம் என்று என் போனை நிரப்பினார். புதுப் பிஸ்டன் போட்டு, அந்தப் படங்களைக் கடைசியிலிருந்து முன்னுக்குப் பார்த்துப் பார்த்துப் பூட்டினார். நான்காவது தடவைதான் மெஷின் ஓடியது. அத்தோடு விட்டாரா? வீடியோ பார்ப்பார், கேட்பார், மறுபடி கழற்றுவார்.

“ப்ளக்க கழட்டிப் பாருடி. நனஞ்சிருந்தா பெட்ரோல் வருது, நெருப்புதான் இல்ல. காஞ்சிருந்தா பெட்ரோலே வரல” என்று சமைக்கும்போது எனக்குப் பாடம் நடத்துவார். டீச்சருக்கே டீச்சர்!

கலேவெலயிலிருந்துகூட வயலுக்கு மருந்தடிக்கும் பழுதான மெஷின்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒயில் கலக்க மறந்தவர்கள் எல்லோரும், “சும்மா நின்னுருச்சிங்க அக்கா” என்று தலையைச் சொறிவார்கள். அக்கா சிரிப்பார். “டாக்டர்கிட்டயும் மெஷின்காரிகிட்டயும் பொய் சொல்லக் கூடாது தம்பி. நானும் இப்பிடித்தான் ஒரு மெஷின கொன்னேன். என்ன ஊத்துனீங்க, சொல்லுங்க.”

அப்படிப்பட்டவரின் சாவு வீட்டில், என் காதுபடவே ஒருவர் சொன்னார்: “தெரியாத வேலையில பொம்பள கைய வச்சா இப்பிடித்தான்.” அன்று அவருக்குச் சொல்லாத பதிலை இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

எந்த மெஷினையும் அக்கா முற்றத்தில் வைத்துத்தான் ஓடவிடுவார். வந்தவர்களையும் தள்ளி நிற்கச் சொல்வார். அவர் போன அன்று விடாத மழை. மெஷினைச் சாமான் அறைக்குள் கொண்டுபோனாலும், கதவை அகலத் திறந்து வைத்துத்தான் ஸ்டார்ட் செய்தார். அடுத்த அறையில் நான் போனில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். “டீச்சர், ஒன்னுமே கேக்கல” என்று பிள்ளைகள் சொல்ல, எனக்கு எரிச்சல் வந்தது. எழுந்து போனேன்.

“அக்கா, கிளாஸ் நடக்குது. கதவ சாத்துங்களேன்!”

“பொகை அடைக்கும்டி.”

“அஞ்சு நிமிஷம்தானே!”

என் பேச்சை அவர் தட்டியதே இல்லை. சாத்தினார். என் வகுப்பு ஒரு மணி நேரம் நடந்தது. நடுவில் மெஷின் சத்தம் நின்றபோது, அப்பாடா என்றிருந்தது எனக்கு.

புகை அடைத்த அறையிலிருந்து அக்காவைத் தூக்கிக்கொண்டு, கொட்டும் மழையில் ஆஸ்பத்திரிக்கு த்ரீவீலை விரட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்து தந்த எதிர்வீட்டு சிங்கள அம்மாவுக்கும், கலேவெலயிலிருந்து வந்து எங்களோடு அழுதவர்களுக்கும், பந்தல் போட்டதிலிருந்து காடு வரை கூட நின்ற எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

“எல்லாம் தெரிஞ்சவ, ஏன்மா கதவ சாத்துனா?” என்று அத்தான் தினமும் என்னிடம் கேட்கிறார். இந்த மலரின் முதல் பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் வாசித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன்.