தெரியாதவர்களுக்கு இடது கை

நசரத்பேட்டையில், நெடுஞ்சாலை லாரிச் சத்தம் வகுப்புக்குள் வந்து விழுகிற தூரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளி இருக்கிறது. அங்கே ஆறாவது முதல் எட்டாவது வரை கணக்கு எடுப்பவள் கன்னியம்மாள். பாரிவாக்கத்துக்காரி. அப்பாவின் நிலம் மனைகளாகப் போனபோது அவள் பங்குக்கு வந்தது ஒரு பி.எட். படிப்பு மட்டும்தான். மீதியை அண்ணன்கள் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பியதில்லை. புலம்புகிற நேரத்தில் நாலு நோட்டுத் திருத்தலாம் என்று நினைக்கிற ரகம்.

வகுப்பைப் பார்த்து "புரிஞ்சுதா?" என்று அவள் கேட்கமாட்டாள். கேட்டால் "புரிஞ்சுது மிஸ்" என்று எல்லாரும் ஒரே ராகத்தில் இழுப்பார்கள். அதை நம்ப அவள் என்ன நேற்று வேலைக்கு வந்தவளா? பெஞ்சு பெஞ்சாகப் போய் நோட்டை எட்டிப் பார்ப்பாள். மைனஸ் மூன்றோடு மைனஸ் நாலைக் கூட்டச் சொன்னால் ஏழாவது வகுப்பில் பாதிப் பேர் ஏழு என்றே எழுதுவார்கள். மைனசும் மைனசும் பிளஸ் என்று எங்கேயோ காதில் விழுந்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். தரைத்தளத்திலிருந்து லிஃப்டில் கீழே மூன்று மாடி போய், அங்கிருந்து இன்னும் நாலு மாடி கீழே போனால் எங்கே இருப்பாய் என்று ஒவ்வொருவனாகக் கேட்டுக் கேட்டு, அந்த ஏழு மைனஸ் ஏழாக மாறுவதற்குள் அவளுக்குத் தொண்டை வற்றிவிடும்.

இப்படிப்பட்டவள்தான் போன வருஷம் அந்தக் காரியத்தையும் செய்தாள். அங்கீகாரம் புதுப்பிக்க அதிகாரி வருகிறார் என்றதும், கரஸ்பாண்டென்ட் சண்முகசுந்தரம் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், அவர் கேள்வி கேட்டா ஒரு கை கூட கீழ இருக்கக் கூடாது. பழைய வழிதான், உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். கன்னியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அப்போது ஆறாவதில் இருந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதிகாரி வாயெல்லாம் பல்லாகப் போனார். பிள்ளைகளுக்கோ அன்றைக்குத் தீபாவளி. மிஸ்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஊரை ஏமாற்ற யாருக்குக் கொடுத்து வைக்கும்?

இந்த வருஷம் ஒரு கம்பெனியிலிருந்து பரத் என்ற இளைஞன் பெரிய திரை ஒன்றோடு வந்து இறங்கினான். கணக்குப் பாடத்தைத் திரையே நடத்தும். ஒரு வகுப்பின் மூன்று பிரிவையும் ஹாலில் ஒன்றாக உட்காரவைக்கலாம். பாடம் முடிந்ததும் "புரிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்று ஒரு பெண் குரல் தேனாகக் கேட்கும். மேலே இருக்கிற கேமரா கைகளை எண்ணி, இத்தனை சதவீதம் புரிந்தது என்று பெற்றோர் போனுக்கே அனுப்பிவிடும். பிள்ளைகள் அதற்கு 'டிவி மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஒரு மாசம் வெச்சிப் பாருங்க டீச்சர். நீங்க வேணாம்னா வேணாம். உங்க வார்த்தைதான்" என்றார் கரஸ்பாண்டென்ட். திரை வந்தால் மூன்று கணக்கு டீச்சரில் ஒருத்தர் போதும் என்பதையும், அந்த ஒருத்தராகத் தான் இருக்கப்போவதில்லை என்பதையும் அவர் சொல்லாமலே அவள் புரிந்துகொண்டாள். இருக்கப்போகிறவள் அவருடைய மைத்துனர் மகள்.

வீட்டில் புருஷன் சம்பத்துக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. அவன் வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் கம்பெனி ஊரை விட்டுப் போனபோது மெஷின்களை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு, அவனை மட்டும் கேட்டிலேயே விட்டுவிட்டுப் போனது. அதிலிருந்து வீடு ஓடுவது அவள் சம்பளத்தில்.

"இன்னாத்துக்கு இம்மாம் யோசன? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துகினே இரு."

"பாக்காம எப்பிடிங்க சொல்றது? நல்லாக் கீதுன்னா?"

"நல்லாக் கீதுன்னா சோறு போடுமா உனுக்கு?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் தன் பிழைப்புக்காகத்தான் குறை சொல்கிறாள் என்று நாளைக்கு ஒருவன் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக்கூடாதே என்று அவளுக்கு ஒரு வீம்பு. அதனால் அந்தத் திரைக்கு அவள் காட்டிய கரிசனம் பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் காட்டமாட்டார்கள். படங்கள் நன்றாக இருந்தன, அதை பரத்திடமே ஒப்புக்கொண்டாள். ஆனால் பயிற்சிக் கேள்வியில் தப்பான விடையைத் தொட்டால் அந்த விடை மறைந்துவிடும். மறுபடி தொட்டால் இன்னொன்று மறையும். கடைசியில் மிஞ்சுவதைத் தொட்டதும் "சபாஷ்" என்று பூ கொட்டும். பிள்ளைகள் பாடத்தைக் கற்றார்களோ இல்லையோ, இதை இரண்டாம் நாளே கற்றுக்கொண்டார்கள். பாடம் முடிந்து அவள் காகிதம் கொடுத்து எழுதச் சொன்னாள். முன்பு பாதி வகுப்பு எழுதிய அதே ஏழு என்ற விடையை இப்போது முக்கால் வகுப்பு எழுதியது. கை தூக்கச் சொன்னபோதும் பிள்ளைகள் உள்ளதை உள்ளபடிதான் தூக்கினார்கள். பாதிக் கைகூட எழவில்லை.

"இன்னும் பழகலை மேடம், அதான்" என்றான் பரத்.

"அப்ப நானே வந்து பாக்கறேன்" என்றார் சண்முகசுந்தரம்.

கன்னியம்மாளுக்கு மனசு லேசானது. வந்து பார்க்கட்டும். பார்த்தாலே தெரிந்துவிடும், தான் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. முந்தின நாள் ஏழாவது வகுப்பிடம், "நாளைக்குப் பெரிய சார் வராரு. பயப்படாதீங்க. புரிஞ்சா மட்டும் கை தூக்குங்க" என்றாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வகுப்புத் தலைவி யுவராணியின் அம்மா தாயம்மா அந்தப் பள்ளியில்தான் ஆயா. ஆபீஸ் ரூமைப் பெருக்கும்போது, கணக்கு மிஸ்ஸை அனுப்பிவிடப் போகிறார்கள் என்று அவள் காதில் விழுந்ததை மகளிடம் சொல்லியிருந்தாள். பெரிய சார் வருவது மிஸ்ஸைச் சோதிக்கத்தான், வகுப்பு சொதப்பினால் மிஸ் அவ்வளவுதான் என்று யுவராணி கணக்குப் போட்டாள். பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு வேறு எப்படித் தோன்றும்? சாப்பாட்டு நேரத்தில் மூன்று பிரிவுக்கும் அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் ஹாலில் டிவி மிஸ் மைனஸ் எண்களை நடத்தி முடித்து, புரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றது. ஹால் முழுக்கக் கைகள் எழுந்தன. ஒன்றுகூடக் கீழே இல்லை. பின்னால் நின்ற கன்னியம்மாள் பார்த்தாள். கிட்டத்தட்ட அத்தனையும் இடது கை. வலது என்று பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. திரையில் நூறு சதவீதம் என்று பச்சையில் மின்னியது. முன் வரிசையிலிருந்து யுவராணி திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தாள், நாங்கள் இருக்கிறோம் மிஸ் என்பதுபோல. கன்னியம்மாளுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது.

அறைக்குப் போனதும் அவள் எதையும் மறைக்கவில்லை.

"சார், அது எல்லாமே இடது கை. போன வருஷம் நான் சொல்லிக்குடுத்தது. ஒருத்தருக்கும் புரியலை. பேப்பர் குடுத்து எழுதச் சொல்லிப் பாருங்க."

சண்முகசுந்தரம் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"எனக்குத் தெரியாதா டீச்சர்? நான்தானே சொல்லிக்குடுக்கச் சொன்னேன். ஆனா அந்தக் கேமராவுக்கு எந்தக் கைன்னு தெரியலை பாருங்க. பேரண்ட்ஸ் போன்ல நூறுன்னு போய் விழுந்திருச்சு. அதுக்குள்ள அட்மிஷன் கேட்டு ரெண்டு போன் வந்திருச்சு."

"அப்ப என் வார்த்தைன்னு சொன்னீங்களே சார்."

"நீங்க நல்ல டீச்சர், அதுல மாற்றமே இல்ல. இந்த வருஷம் முடியற வரைக்கும் இருங்க." ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒரு உதவி. போறதுக்கு முன்னாடி ஆறாவதுக்கும் எட்டாவதுக்கும் அந்தக் கைப் பழக்கத்தைச் சொல்லிக்குடுத்துட்டுப் போங்க. நீங்க சொன்னா பசங்க கேக்கறாங்க" என்றார்.

மாட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சம்பத்தின் முகம் குறுக்கே வந்து நின்றது. தலையை ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாமல் வெளியே வந்தாள்.

வராந்தாவில் யுவராணி காத்திருந்தாள்.

"மிஸ், இன்னா சொன்னாரு? ஒண்ணும் ஆவாதில்ல? ஒரு கை கூட கீழ இல்ல, பாத்தீங்களா?"

"பாத்தேம்மா." அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது. டீச்சருக்கு அழுகையை அடக்க ஒரே வழி கேள்வி கேட்பதுதான். "யுவராணி, மைனஸ் மூணோட மைனஸ் நாலு. எவ்ளோ?"

யுவராணி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, மிஸ்ஸுக்கும் தனக்கும் மட்டும் தெரிந்த ரகசியத்தைச் சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே, இடது கையைத் தூக்கினாள்.